பூனைக்குத் தடவிய புகையிலை

உங்கள் பெரிய அக்கா பூனையைக் கொல்லவில்லை. இதை முதலில் எழுதிவிடுகிறேன். மற்றதை எழுதுவதற்குள் கை நின்றுபோனாலும் இந்த ஒரு வரி உங்கள் மூன்று பேருக்கும் கிடைத்திருக்கும்.

அது நடந்தபோது உங்களில் இரண்டு பேர் பிறக்கவில்லை. ஒருவர் தூளியில் கிடந்தீர்கள். அக்காவுக்கு ஒன்பது வயது. வெளிநாட்டில் சண்டை நடந்துகொண்டிருந்த வருஷங்கள். நம் குன்னம் பக்கத்து ஊர்களில் மண்ணெண்ணெய் கிடைக்காது, துணி கிடைக்காது. மழையும் தவறிவிட்டது. வீட்டில் இரண்டு குதிர் உண்டு. ஒன்றில் சோளம், ஒன்றில் வரகு இருக்கும். அந்த வருஷம் ஒரு குதிருக்குத்தான் தானியம் வந்தது. மற்றதை, மூடியோரம் வேறு விரிசல் விட்டிருந்ததால், கொல்லைப்புறம் மாட்டுக்கொட்டகைச் சுவரோரம் கொண்டுபோய் வைத்துவிட்டேன். மழை வந்தால் மண் பூசி எடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணம்.

நீங்கள் தகர டின்னில் அரிசி போட்டுப் பார்த்தவர்கள், அதனால் சொல்கிறேன். குதிர் என்பது ஆள் உயரத்துக்கு மண்ணால் செய்தது. மேலே மூடி. தானியத்தைக் கீழே ஒரு துவாரம் வழியாக எடுப்போம். எடுத்து முடித்ததும் பழந்துணியைச் சுருட்டி அந்த வாயை அடைக்க வேண்டும். குதிர் வாய் திறந்து கிடந்தால் வீட்டில் தானியம் தங்காது என்று நம் குடும்பத்தில் ஒரு நம்பிக்கை. உங்கள் அம்மா இந்த வேலையைப் பெரியவளிடம்தான் விட்டிருந்தாள். அவளும் அதைப் பெரிய பொறுப்பாக எடுத்துக்கொண்டு, அடைத்த பிறகு உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் எழுந்திருப்பாள்.

வீட்டில் ஒரு நாயும் ஒரு பூனையும் இருந்தன. நாய் என்னோடு காட்டுக்கு வரும். பூனை அவளுடையது. சாம்பலும் வெள்ளையும் கலந்த பெட்டைப்பூனை. அவள் உட்கார்ந்தால் மடியில் ஏறும், நடந்தால் காலைச் சுற்றும். அவள் தட்டில் கூழ் விட்டால் தானும் ஒரு பக்கம் நக்கும். உங்கள் அம்மா திட்டுவாள். இரண்டும் கேட்காது.

மாசி மாதம், பருத்தி எடுப்பு. அம்மா உங்களில் ஒருவரை இடுப்பில் வைத்துக்கொண்டு காட்டுக்குப் போயிருந்தாள். நான் பக்கத்துக் கிணற்றில் மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கிற கமலையின் வடம் அறுந்ததைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அன்று நான் காட்டுக்குப் போகாததால் நாயைக் கொட்டகைக் காலில் கட்டிவிட்டுப் போயிருந்தேன். பெரியவள் மட்டும் வீட்டில். கொல்லையைக் கூட்டிவிடு என்று சொல்லியிருந்தோம்.

கூட்டிக்கொண்டு வந்தவள் கண்ணில் அந்தக் காலிக் குதிர் பட்டிருக்கிறது. வாயில் இருந்த துணி எப்போதோ விழுந்து மண்ணில் கிடந்திருக்கிறது. குதிருக்குள் தேனீ வந்து கூடு வைத்துப் பத்து நாளாவது ஆகியிருக்க வேண்டும். யாரும் அந்தப் பக்கம் போகாததால் எங்களுக்குத் தெரியாது. மாட்டுக்கொட்டகையில் ஈ பறப்பது புதிதா? அவளும் ஈ என்றே நினைத்திருக்கிறாள். துணியை எடுத்து, நனைத்துச் சுருட்டி, வழக்கம்போல அழுத்தி அடைத்து, இரண்டு தட்டும் தட்டியிருக்கிறாள்.

குதிர் வாயைத் திறந்து போடாதே என்று சொல்லிக் கொடுத்தது நாங்கள். அவள் அதைத்தான் செய்தாள். இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

துணியோடு நாலைந்து ஈ நசுங்கியிருக்கும். மற்றவை மூடி விரிசல் வழியாகக் கொப்பளித்துக்கொண்டு வந்துவிட்டன. அவளுக்குக் காதில் ஒன்று, கையில் ஒன்று. வீட்டுக்குள் ஓடிக் கொல்லைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டாள். காலடியில் நின்ற பூனை வெளியே நின்றுவிட்டது.

நாய் போட்ட சத்தத்தில்தான் நான் ஓடிவந்தேன். நாய் குரைக்கிற சத்தம் அல்ல, அது வேறு. கோணிச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு போய்க் கயிற்றை அறுத்துவிட்டேன். அது பாய்ந்துபோய் மாட்டுத் தொட்டித் தண்ணீரில் விழுந்தது. பக்கத்து வீட்டுப் பங்காளி அண்ணன் ஈர வைக்கோலைக் கொளுத்திக்கொண்டு வந்து புகை போட்டார். கொஞ்ச நேரத்தில் ஈ அடங்கியது. எனக்கு ஏழெட்டுக் கொட்டு. அவருக்கு மூக்கு நுனியில் ஒன்று.

“எல்லா எடத்தையும் வுட்டுட்டு மூக்குல வந்து குத்துது பாரு,” என்றார். “ஏன்டா, நீ தேனு வளக்கிறேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா வூட்டுக்குள்ளயே இருந்திருப்பேன்.”

பூனை வண்டிக்கு அடியில் பதுங்கியிருந்தது. கதவைத் திறந்துகொண்டு பெரியவள் வந்து ஊர்ந்துபோய் அதை இழுத்து எடுத்தாள். முகம் வீங்கி ஒரு கண் மூடியிருந்தது. முன்னங்கால் இரண்டும் தடித்திருந்தன. ஆனால் மூச்சு நன்றாக விட்டுக்கொண்டிருந்தது. கொட்டாங்குச்சியில் தண்ணீர் காட்டினோம். இரண்டு நக்கு நக்கிக் குடித்தது. இதையும் நினைத்துக்கொள்ளுங்கள். நான் பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்துக்கொண்டது இது.

பங்காளி அண்ணன் குனிந்து பார்த்துவிட்டு, “மொகத்தப் பாரேன். அப்பிடியே நம்ம மணியக்காரரு தூங்கி எழுந்து வர்ற மாதிரி,” என்றார். அழுதுகொண்டிருந்த பிள்ளை சிரித்துவிட்டாள். மூக்கு ஒழுகிக்கொண்டே சிரித்தாள்.

பிறகு நான் வைத்தியம் பார்த்தேன். தேள் கொட்டினாலும் குளவி கொட்டினாலும் தேனீ கொட்டினாலும் நமக்குத் தெரிந்தது ஒன்றுதான். புகையிலையை நன்றாக மென்று, சுண்ணாம்பு சேர்த்து, கொட்டின இடத்தில் அப்பிவிடுவது. எனக்கு வைத்துக்கொண்டேன். பிள்ளைக்குக் காதிலும் கையிலும் வைத்தேன். எரிச்சல் அடங்குது என்றாள். நாய்க்கு வைக்கப் போனேன். தொட்டியிலிருந்து ஏறி நின்ற நாய் என் கையைக் கடித்துவிட்டது. மூன்று வருஷத்தில் முதல் தடவை. கட்டைவிரலில் இன்றும் அந்தத் தழும்பு இருக்கிறது.

“போ சனியனே, உனக்கு நல்லது செய்ய வந்தேன் பாரு,” என்று விட்டுவிட்டேன்.

பூனை கடிக்கவில்லை. ஏனென்றால் பெரியவள் அதை மடியில் போட்டு நாலு காலையும் பிடித்துக்கொண்டிருந்தாள். “அப்பா மருந்து போடறாங்க, கொஞ்சம் பொறுத்துக்க, கொஞ்சம் பொறுத்துக்க,” என்று அதன் காதில் சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் ஒரு பெரிய துண்டுப் புகையிலையை மென்று, முகத்திலும் மோவாயிலும் கழுத்திலும் கால்களிலும் கெட்டியாக அப்பினேன். குறையாக வைக்கக்கூடாது என்று மறுபடியும் மென்று இன்னொரு தடவை வைத்தேன்.

மடியிலிருந்து இறங்கியதும் பூனை உட்கார்ந்து நக்க ஆரம்பித்தது. உடம்பில் தூசு பட்டாலும் நக்கித் துடைக்கிற சாதி அது. முன்காலை நக்கும், அந்தக் காலால் முகத்தைத் துடைக்கும், மறுபடி காலை நக்கும். நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம். “தானே தொடச்சிக்குதுப்பா, தேறிடும்,” என்றாள் அவள். நானும் ஆமாம் என்றேன்.

ஒரு நாழிகை ஆகியிருக்காது. வாயில் எச்சில் கயிறு கயிறாக வடிந்தது. வாந்தி எடுத்தது. பிறகு உடம்பு முழுதும் நடுக்கம். எழுந்து நடக்கப் பார்த்தது, பின்னங்கால் இழுத்துக்கொண்டு விழுந்தது. மறுபடி எழுந்தது. அவள் கையை நீட்டினால் அவளைத் தெரியாத மாதிரி வெறித்துப் பார்த்தது. அம்மா பருத்தி மூட்டையோடு வந்து சேர்ந்தபோது வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது. விளக்கு வைக்கிற நேரத்துக்கு முன் அடங்கிவிட்டது.

நாய் தொட்டியோரம் படுத்து முகத்தை மண்ணில் தேய்த்துக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் வீக்கம் வடிந்து என் பின்னாலேயே காட்டுக்கு வந்தது.

பூனை அடங்கிய அன்றே அவள் என்னிடம் கேட்டாள், “ஏம்ப்பா செத்துப்போச்சி? மருந்து போட்டமே.”

கையில் நாய்க்கடி வலி. உடம்பெல்லாம் கொட்டு. அறுந்த வடம் அப்படியே கிடக்கிறது. இதெல்லாம் சாக்கு. சொன்னது நான்தான். கத்திக்கூடச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னேன்.

“தேனீ வெஷம் தலைக்கு ஏறிடுச்சி. நீ அந்தத் துணிய அடைக்காம இருந்திருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. கதவையாவது தொறந்து உள்ள வுட்டிருக்கலாம்.”

“கதவப் பிராண்டிச்சிப்பா. எனக்குக் கேட்டிச்சி. பயமா இருந்திச்சி, தொறக்கல,” என்றாள்.

பயந்த பிள்ளை கதவைச் சாத்தத்தானே செய்யும் என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? சொல்லவில்லை.

அதற்குப் பிறகு பூனையைப் பற்றி அவள் பேசவே இல்லை. நானும் மறந்துவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன். ஆனால் வீட்டில் கொல்லைக் கதவை அவள் சாத்துவதை நிறுத்திவிட்டாள். ஆடு உள்ளே வந்து இடித்து வைத்த மாவைத் தின்றுவிட்டுப் போகும். அம்மா, “கதவச் சாத்துடின்னா ஒனக்குக் கை கூசுதா? எந்த மகராசன் வருவான்னு தொறந்து போட்டிருக்க?” என்று கத்துவாள். திட்டு வாங்கிக்கொண்டு நிற்பாளே தவிர, கதவில் கை வைக்க மாட்டாள். அம்மாதான் வந்து சாத்துவாள்.

மறு வருஷம் வண்டிமாட்டுக்குக் கழுத்தில் நுகத்தடிப் புண் வந்தது. ஈ மொய்த்துப் புழு வைத்துவிடும் என்று அதற்கும் புகையிலை அப்பியிருந்தேன். ஆறவில்லை. அரியலூர் மாட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனேன். விடியலில் கிளம்பி, வெயில் ஏறித்தான் போய்ச் சேர்ந்தேன். டாக்டர் புண்ணைத் துடைத்தவர் பஞ்சை மோந்து பார்த்தார்.

“புகையிலையா?”

“ஆமாங்க.”

“மாட்டுக்குக் கழுத்துல வச்சிருக்க, நாக்கு எட்டாது, தப்பிச்சிது. நக்குற எடத்துல வச்சிடாத. நாய், பூனைக்கு வச்சியோ, முடிஞ்சிது.”

போன வருஷம் தேனீ கொட்டின பூனைக்கு வைத்தேன் என்று சொன்னேன். அவர் மருந்து கலக்கிக்கொண்டே ஒவ்வொன்றாகக் கேட்டார். எச்சில் ஒழுகிச்சா? ஒழுகிச்சுங்க. வாந்தி? எடுத்துதுங்க. நடுங்கி, பின்னங்கால் விழுந்து, வெட்டி இழுத்ததா? ஆமாங்க. கொட்டின ஒடனே மூச்சு முட்டிச்சா? இல்லைங்க, தண்ணிகூடக் குடிச்சிது.

“அப்பறம் என்ன? அது தேனீ இல்லய்யா. நீதான்,” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அடுத்த மாட்டைப் பிடித்து வரச்சொன்னார்.

அவர் அன்று சொன்னதை உங்களுக்காக எழுதுகிறேன், வீட்டில் நாயோ பூனையோ வைத்திருந்தால் உதவும். தேனீ கொட்டினால் கொடுக்கு தோலில் நிற்கும். அதை இரண்டு விரலால் கிள்ளி எடுத்தால் அதிலுள்ள விஷத்தை நாமே பிழிந்து உள்ளே விடுகிறோம். நகத்தாலோ கத்தி முதுகாலோ பக்கவாட்டில் வழித்துத் தள்ள வேண்டும், அதுவும் சட்டென்று. பிறகு குளிர்ந்த தண்ணீரில் துணியை நனைத்து வைத்தால் போதும். புகையிலை, சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் எதுவும் கூடாது. நம் தோலுக்கு வைப்பது அதற்கு வயிற்றுக்குள் போகும். அதை நிழலில் சும்மா படுக்கவிட்டு, மூச்சைக் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். வாய்க்குள்ளோ தொண்டையிலோ கொட்டியிருந்தாலும், ஏகப்பட்ட கொட்டு விழுந்திருந்தாலும், மூச்சு இழுத்தாலும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். வீட்டில் வைத்தியம் பார்க்காதீர்கள். என் கையைக் கடித்துத் தப்பிய நாய்க்கு இருந்த புத்தி எனக்கு இல்லை.

அரியலூரிலிருந்து மாட்டை ஓட்டிக்கொண்டு திரும்பும்போது, போனதும் அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்து வந்தேன். புகையிலையையும் அன்றோடு விட்டேன் என்று எழுத ஆசைதான். பத்து நாள் விட்டேன், பிறகு போட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தேன். அவள் வாசலில் கல் வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்தேன். அப்போது தோன்றியது, நாலு காலையும் பிடித்துக்கொண்டிருந்தது இவளாயிற்றே என்று. நான் உண்மையைச் சொன்னால் துணியையும் கதவையும் விட்டுவிட்டு பூனையைப் பிடித்த தன் கையையே நொந்துகொள்வாளே. கொஞ்சம் பெரியவளாகட்டும் என்று விட்டுவிட்டேன். இது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு. அப்பாவுக்குத் தெரியாதது இல்லை என்று அந்த வயதில் அவள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அது எனக்குப் பிடித்திருந்தது.

அப்படியே ஐந்தாறு வருஷம் ஓடிவிட்டது. நாடு விடுதலை ஆகி, ஊரில் கொடி ஏற்றி, மிட்டாய் கொடுத்து அதுவும் பழையதாகிவிட்டது. அவளுக்கு ஜெயங்கொண்டம் பக்கம் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தோம். அந்த வருஷம் கடலை நன்றாக விளைந்ததால் வீட்டில் எலி பெருகிவிட்டது. அம்மா எங்கிருந்தோ ஒரு பூனைக்குட்டி கொண்டுவந்தாள். பெரியவள் அதைப் பார்த்தாள். தொடவில்லை. ஒரு கூடையில் விட்டு, எடுத்த வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

“எலி சேலயக் கடிக்கிது, இவளுக்குப் பூன ஆவாதாம். மாமியா வூட்டுல பூன இருந்தா என்ன பண்ணுவ, திரும்பி வந்துடுவியா?” என்றாள் அம்மா.

அன்று சாயந்திரம் அவள் கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பிடி எடுத்து உடைத்துக்கொண்டே சொன்னேன். அரியலூர் போனது, புகையிலை, டாக்டர் கேட்டது, கடைசியில் சொன்னது, எல்லாம் சொன்னேன். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அவள் பிடித்துக்கொண்டிருந்ததை.

கேட்டுவிட்டு அவள் சிரித்தாள்.

“எனக்காகச் சொல்றீங்கப்பா.”

“இல்லம்மா, நெசம். டாக்டரே சொன்னாரு.”

“ஆறு வருஷமா சொல்லாத டாக்டரு, இன்னிக்கு நான் குட்டிய திருப்பிக் குடுத்ததும் சொல்றாரா?”

“அன்னிக்கே சொல்ல நெனச்சேன்.”

“காளங்கன்ன வித்துப்புட்டு, மாமா வூட்டுல இருக்கு, புல்லு நல்லா திங்கிதுன்னு ரெண்டு வருஷம் சொன்னீங்க. நானும் மாமா வர்றப்பல்லாம் கன்னு எப்பிடி இருக்குன்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். அவரு பாவம், முழிப்பாரு.” உடைத்த பருப்பை முறத்தில் போட்டாள். “நான் அழுவக்கூடாதுன்னா நீங்க எதையாச்சும் சொல்லுவீங்க. எனக்குத் தெரியாதா? பரவாயில்லப்பா. சின்னப் புள்ளையில செஞ்சது.”

அந்தக் கன்று விஷயம் உண்மைதான். அவள் அழுவதைப் பார்க்க முடியாமல் சொன்னது. இன்னும் அதுபோல எத்தனையோ.

நான் இன்னொரு தடவை அழுத்திச் சொல்லியிருக்கலாம். அரியலூருக்கே கூட்டிக்கொண்டு போய் டாக்டர் வாயால் கேட்க வைத்திருக்கலாம். செய்யவில்லை. அவள் நம்பாதபோது எனக்குள் ஒரு பாரம் இறங்கினது போல இருந்தது. சொல்லிவிட்டேன், அவள்தான் நம்பவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளலாம் அல்லவா. அவள் உடைத்த கடலையில் இரண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டேன். அதை நினைத்தால் பூனையை நினைப்பதைவிட அதிகமாக வலிக்கிறது.

பிறகு அவளுக்குக் கல்யாணம் ஆகி, பிள்ளை பிறந்து, அந்தப் பிள்ளையும் ஓடியாடத் தொடங்கிய பிறகு ஒரு தடவை அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். இலையில் சோறு போட்டிருந்தாள். அப்போது பேத்தி பாவாடையை ஏந்திக்கொண்டு ஓடிவந்தாள். உள்ளே ஒரு பூனைக்குட்டி, கண் திறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும்.

“எடுத்த எடத்துலயே வுட்டுட்டு வா,” என்றாள் உங்கள் அக்கா.

“நான் வளக்கறம்மா.”

“வேணாம். அம்மாவுக்குப் பூனைய வச்சிக் காப்பாத்தத் தெரியாது.”

நான் சாப்பாட்டில் கையை வைத்துக்கொண்டே பேத்தியிடம் சொன்னேன். “ஆயி, ஒங்கம்மா ஒண்ணும் பண்ணல. அந்தப் பூன தாத்தா வச்ச மருந்துலதான் செத்துச்சி. தாத்தாதான் கொன்னுட்டேன்.”

பிள்ளை என் முகத்தைப் பார்த்தது. அம்மா முகத்தைப் பார்த்தது.

“தாத்தா அம்மாவுக்காக அப்பிடித்தான் சொல்லும்,” என்று உங்கள் அக்கா அதனிடம் சொல்லிவிட்டு, என் இலைக்கு ரசம் ஊற்றினாள். “நீங்க சாப்புடுங்கப்பா, ஆறிடும்.”

பேத்தி பாவாடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, குட்டியைத் திருப்பி விட்டுவர வெளியே போனாள்.